மொட்டை மாடி வயரில் தினமும் காலை ஆறரைக்கு என்ன பேசுகிறேன்?

(நம் சங்கத்தின் பொங்கல் விழாவில், பி பிளாக்கில் குடியிருக்கும் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பேசியபடியே தந்திருக்கிறோம்.)

 

செக்ரட்டரி எனக்குப் பதினைந்து நிமிஷம் கொடுத்திருக்கிறார். கோலப் போட்டி முடிவு இன்னும் சொல்லவில்லை, அதனால் யாரும் எழுந்து போக மாட்டீர்கள் என்று கணக்குப் போட்டுத்தான் என்னை இந்த இடத்தில் வைத்திருக்கிறார். அவருக்கு நன்றி.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். பி பிளாக் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக் கம்பத்திலிருந்து லிஃப்ட் ரூம் வரைக்கும் குறுக்கே ஒரு கறுப்பு வயர் போகிறது. பார்த்திருப்பீர்கள். போன கூட்டத்தில் அதைப் பற்றிப் பேச்சு வந்தது. வாட்ஸ்அப் குரூப்பிலும் இரண்டு நாள் ஓடியது. பழைய கேபிள் டி.வி. வயர், யாரோ கழற்றாமல் விட்டுவிட்டார்கள் என்றார் ஒருவர். செல்போன் டவர் வைக்க ரகசியமாக ஏற்பாடு நடக்கிறது என்றார் இன்னொருவர். மூன்றாம் மாடி அம்மா ஒருவர் துணிக்கொடி என்றே நினைத்து, நனைந்த போர்வை ஒன்றைக் காயப் போட்டுவிட்டார். அன்றைக்கு எனக்குக் கோயம்புத்தூர் சரியாகவே கேட்கவில்லை. மேலே போய்ப் பார்த்த பிறகுதான் காரணம் தெரிந்தது. போர்வையை மடித்து அவர் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தேன். அந்தப் போர்வை எப்படிக் கீழே வந்தது என்று இதுவரை அவருக்குத் தெரியாது. இப்போது தெரிந்திருக்கும்.

அந்த வயர் என்னுடையது. அது ஆன்டெனா. நான் ஒரு ஹாம், அதாவது அமெச்சூர் ரேடியோ வைத்திருப்பவன். மத்திய தொலைத்தொடர்புத் துறை நடத்தும் பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, சொந்தமாக டிரான்ஸ்மிட்டர் வைத்து மற்ற ஹாம்களோடு பேசலாம். பன்னிரண்டு வயது முடிந்த யாரும் எழுதலாம். நம் நாட்டு ஹாம்களின் அழைப்புக்குறி பெரும்பாலும் வி.யு.2, வி.யு.3 என்று ஆரம்பிக்கும். ராஜீவ் காந்திகூட ஒரு ஹாம். எனக்கு லைசென்ஸ் கிடைத்தபோது வயது முப்பத்தொன்று. இப்போது அறுபத்தெட்டு.

வயர் ஏன் அவ்வளவு நீளம் என்று கேட்டார்கள். நாங்கள் பேசுவது ஏழு மெகாஹெர்ட்ஸ். அந்த அலையின் நீளம் ஏறக்குறைய நாற்பது மீட்டர். ஆன்டெனாவுக்கு அதில் பாதி, இருபது மீட்டர் வேண்டும். நம் பி பிளாக் மொட்டை மாடி இருபத்திரண்டு மீட்டர். இந்த வீட்டை வாங்கும்போது மற்றவர்கள் எல்லாம் வாஸ்து பார்த்தார்கள், நான் டேப்பை எடுத்துக்கொண்டு மாடியை அளந்தேன். பில்டரின் ஆள் என்னை ஒரு மாதிரி பார்த்தார். சமையலறையை நான் பார்க்கவே இல்லை என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

சரி, காலை ஆறரைக்கு அப்படி என்ன பேச்சு? நீங்கள் எதிர்பார்ப்பது மாதிரி ஒன்றும் இல்லை. மொத்தம் ஒன்பது, பத்துப் பேர். கோயம்புத்தூரில் மோட்டார் பட்டறை வைத்திருப்பவர், புதுச்சேரியில் ஒரு டீச்சரம்மா, கொடைக்கானலில் தோட்டம் வைத்திருப்பவர், ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி ஒருவர், திருச்சியில் காலேஜ் படிக்கும் பையன் ஒருவன். சில நாள் யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் வருவார். வரிசையாக ஒவ்வொருவரும் வந்து வணக்கம் சொல்லி, அவரவர் ஊரில் வானம் எப்படி இருக்கிறது என்று சொல்வார்கள். கொடைக்கானலில் மூடுபனி, எதிரே இருக்கிற மரம் தெரியவில்லை. கோவையில் மேகமூட்டம், காற்று இல்லை. புதுச்சேரியில் புழுக்கம். பிறகு காபி ஆச்சா, முழங்கால் வலி எப்படி, முருங்கையில் கம்பளிப் பூச்சி வந்துவிட்டது என்ன செய்யலாம், சின்ன வெங்காயம் கிலோ என்ன விலை. அவ்வளவுதான். ஏழேகாலுக்குக் கலைந்துவிடுவோம்.

"இதுக்கா லைசென்ஸ், இதுக்கா இருபது மீட்டர் வயர்? போனில் பேசிவிட்டுப் போகலாமே" என்று என் மருமகன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் வேடிக்கை என்ன தெரியுமா? ஹாம் ரேடியோவில் வியாபாரம் பேசக்கூடாது. அரசியல், மதம் பேசுவதில்லை. பாட்டுப் போடக்கூடாது. வெகுகாலம் இருந்த சர்வதேச விதி ஒன்று, ஹாம்கள் தங்கள் பரிசோதனை பற்றிப் பேசலாம், அதற்கு மேல் சொந்த விஷயம் பேசுவதானால் அது காசு கொடுத்துத் தந்தியோ போனோ செய்கிற அளவுக்கு முக்கியமில்லாத விஷயமாக இருக்க வேண்டும் என்று சொன்னது. முக்கியமில்லாததைத்தான் பேச வேண்டும் என்று சட்டமே சொன்ன இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். வெங்காய விலை அதில் அழகாகப் பொருந்தும். நாங்கள் சட்டத்தை மதிக்கிறவர்கள்.

இன்னொன்று. போன் என்றால் ஒருவருக்குப் போட வேண்டும். எழுபது வயதுக்காரர் ஒருவருக்குத் தினமும் காலையில் போன் போட்டு "உங்க ஊரில் மேகமா?" என்று கேட்டால், இரண்டாம் நாள் அவருக்கு அலுத்துவிடும், மூன்றாம் நாள் நமக்கு. ரேடியோவில் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. அந்த நேரத்துக்கு அங்கே இருக்கிறோம், அவ்வளவுதான். ஒருவர் பேசும்போது மற்ற எல்லோரும் கேட்டுக்கொண்டிருப்போம். "ஓவர்" என்று அவர் சொல்லும் வரை குறுக்கே பேச முடியாது, பேசினாலும் கேட்காது. நம் பொதுக்குழுக் கூட்டத்துக்கு இந்த ஏற்பாடு வந்தால் நன்றாக இருக்கும்.

ஆறரை மணி என்பதற்கும் காரணம் உண்டு. வானத்தில் இருநூற்றைம்பது, முந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஒரு அடுக்கு இருக்கிறது. எங்கள் அலை மேலே போய் அதில் பட்டுத் திரும்பி வருகிறது. ராத்திரியில் அந்த அடுக்கு பலம் குறைந்துவிடும். அப்போது தூரத்து ஊர்கள் கேட்கும், பக்கத்து ஊர் கேட்காது. சூரியன் ஏற ஏற அது பலப்படும். அதனால் மார்கழிக் காலையில் முதலில் தெற்குக் கோடி கேட்கும், பத்து இருபது நிமிஷம் கழித்துத்தான் புதுச்சேரி டீச்சரம்மா மெதுவாக மேலே எழுந்து வருவார். நல்ல வெயில் ஏறிவிட்டால் அதற்குக் கீழே இருக்கிற வேறொரு அடுக்கு அலையைக் குடித்துவிட ஆரம்பிக்கும். எங்கள் பேச்சு முழுக்க சூரியனை நம்பித்தான்.

வானிலை நாங்கள் பேசுவது மட்டுமில்லை, ரேடியோவே சொல்லும். எங்கேயாவது மின்னல் வெட்டினால் ஸ்பீக்கரில் 'கடக்' என்று ஒரு சத்தம். சில நூறு கிலோமீட்டர் தள்ளி வெட்டினாலும் கேட்கும். சித்திரை, வைகாசியில் இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே என் ரேடியோ கடகடவென்று பொரிந்துகொண்டிருக்கும். பொரிகிற சத்தம் அடர்த்தியானால் எழுந்து போய் ஆன்டெனா வயரைக் கழற்றிவிடுவேன். இடி இறங்கிவிடுமோ என்று சி பிளாக்கில் ஒருவர் பயந்தார். மழைக்காலத்தில் என் கை போகிற முதல் இடம் அந்த பிளக்தான், கவலைப்படாதீர்கள். நான் அனுப்புகிற சக்தி ஐம்பது வாட், அதுவும் பொத்தானை அழுத்திப் பேசும்போது மட்டும். உங்கள் தலைக்கு மேலே சுற்றுகிற பழைய சீலிங் ஃபேன் எழுபத்தைந்து வாட்.

203-இல் நான் பேசும்போது ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர் கரகரக்கிறது என்று புகார் வந்தது. உண்மைதான். போய்ப் பார்த்து ஸ்பீக்கர் வயரில் ஃபெரைட் வளையம் ஒன்று மாட்டிவிட்டு வந்தேன், நின்றுவிட்டது. வேறு யார் வீட்டிலாவது அப்படி இருந்தால் சொல்லுங்கள், வளையம் என் செலவு. பதிலுக்கு நானும் ஒரு புகார் சொல்லிக்கொள்கிறேன். ஸ்டில்ட் பார்க்கிங்கில் போன வருஷம் போட்ட எல்.இ.டி. டியூப்களால் என் ரேடியோவில் ஆற்றுத் தண்ணீர் மாதிரி ஓயாத இரைச்சல். லிஃப்ட் ஓடினால் தனியாக ஒரு ஊளை. பால்காரர் எந்த மாடிக்குப் போகிறார் என்று ரேடியோவைக் கேட்டே சொல்லிவிடுவேன்.

அந்த இரைச்சல் சுத்தமாக இல்லாமல் நான் கேட்டது மூன்றே நாள். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். உங்களுக்கு நினைவிருக்கும். ஸ்டில்ட்டில் கார்களின் கதவு வரை தண்ணீர், சம்ப்பில் சாக்கடை கலந்துவிட்டது, மூன்று நாள் கரன்ட் இல்லை. சாயங்காலத்துக்குள் செல்போனும் போய்விட்டது. கரன்ட் இல்லாததால் எல்.இ.டி. இல்லை, லிஃப்ட் இல்லை. ரேடியோ மட்டும் இன்வெர்ட்டர் பேட்டரியில் ஓடியது. இந்த வீட்டுக்கு வந்த பிறகு அவ்வளவு துல்லியமாக நான் கேட்டதே இல்லை.

மறுநாள் காலை ஆறரைக்கு எல்லோரும் முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருந்தார்கள். அண்ணாச்சிதான் முதலில் கேட்டார். "ஓ.எம்., உங்க தெருவுல தண்ணி ஏறுதா, வடியுதா? படிக்கட்டுல எத்தனை படி தெரியுதுன்னு எண்ணிப் பாத்துச் சொல்லும்." ஓ.எம். என்பது ஹாம்கள் ஒருவரையொருவர் கூப்பிடுகிற முறை, கிழவா என்று அர்த்தம். இருபது வயசுப் பையனும் ஓ.எம்.தான். நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு கீழே போய் எண்ணிவிட்டு வந்தேன். மூன்று படி முழுகியிருந்தது. புதுச்சேரி டீச்சரம்மா புனேயில் இருக்கும் என் மகளுக்குப் போன் செய்து, "அப்பா நல்லா இருக்கார், பால்தான் இல்லையாம்" என்று சொன்னார். ஏ பிளாக்கில் இரண்டு வீட்டுக்காரர்களின் சேதியையும் அப்படித்தான் அனுப்பினோம். அவர்களில் ஒருவர் இதோ முன்வரிசையில் தலையாட்டுகிறார்.

அதற்குப் பதிமூன்று நாள் கழித்து, டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. இதைச் சொல்லத்தான் நான் மைக்கைக் கேட்டு வாங்கினேன்.

அண்ணாச்சிக்கு ஒரு பழக்கம். வீட்டு முற்றத்தில் அவரே செய்த மழைமானி ஒன்று உண்டு. புனல் வைத்த குடுவை, இருபது சென்டிமீட்டர் வரை கோடு போட்டது. வானிலை ஆய்வு மையம் மழையளவு எடுப்பது காலை எட்டரைக்கு, இவரும் எட்டரைக்குத்தான் எடுப்பார். முந்தின நாள் கணக்கை மறுநாள் ஆறரைக்கு எங்களுக்குப் படிப்பார். மழையே இல்லாத கோடையிலும் "பூஜ்யம்" என்று படிப்பார். நாங்கள் கிண்டல் செய்வோம். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், மழை வலுத்துப் பெய்கிறது, வாழைக்குக் காற்று இல்லாமல் இருந்தால் சரி என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அந்த ஒரு நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பெய்தது. சென்னையில் வருஷம் முழுவதும் பெய்வது சுமார் 140. தாமிரபரணி கரை புரண்டது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் ரயில் சுமார் எண்ணூறு பேரோடு நின்றுபோனது, பேப்பரில் படித்திருப்பீர்கள்.

திங்கட்கிழமை ஆறரைக்கு அண்ணாச்சி வரவில்லை. மூன்று தரம் கூப்பிட்டோம். போன் அணைந்திருந்தது. யாரும் வானிலை சொல்லவில்லை. வெங்காயம் பற்றி யாரும் பேசவில்லை. ஏழேகாலுக்குக் கலையவும் இல்லை. சும்மா அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தோம்.

எட்டு மணிக்கு மேல் கொடைக்கானல்காரர், "பேசாதீங்க, பேசாதீங்க, யாரோ இருக்காங்க" என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, நம் எல்.இ.டி.தான் கேட்டது. அவர் இருப்பது மலை, பக்கத்தில் வீடே கிடையாது, ஊசி விழுந்தால் அவர் ரேடியோவில் கேட்கும். அவர் கேட்டு எங்களுக்குத் திருப்பிச் சொன்னார். அண்ணாச்சிதான். ராத்திரியே ரேடியோவைத் தூக்கி மச்சுக்குக் கொண்டுபோயிருக்கிறார். மோட்டார் சைக்கிளிலிருந்து கழற்றிய பேட்டரி. பேட்டரி சின்னது என்பதால் சக்தியைக் குறைத்து, மணிக்கு இரண்டே நிமிஷம் பேசுவதாகச் சொன்னார். கீழே இடுப்பளவு தண்ணீர். பக்கத்து வீட்டுக்காரர்களையும் சேர்த்து மச்சில் பதினொரு பேர். ஒரு பெண்ணுக்கு எட்டாம் மாதம். ஒரு பெரியவருக்கு இன்சுலின் வேண்டும்.

நாங்கள் ஒன்றும் பெரிதாகச் செய்துவிடவில்லை. நான்கு ஊரிலிருந்து நான்கு பேர் மாவட்டப் பேரிடர் எண் 1077-க்கு முயற்சி செய்தோம். அந்த நேரத்தில் எத்தனை ஆயிரம் பேர் முயற்சி செய்திருப்பார்கள், லைன் கிடைக்கவில்லை. கோவைக்காரருக்கு நாற்பது நிமிஷம் கழித்துக் கிடைத்தது. குறித்துக்கொண்டார்கள். கொடைக்கானல்காரர் அன்று முழுக்க ரேடியோவை விட்டு நகரவில்லை. நான் லாக் புத்தகம் எழுதினேன். ஹாம் லாக் எழுதியே ஆக வேண்டும், அது விதி. இதோ கொண்டுவந்திருக்கிறேன். படிக்கிறேன். "9.00, ஆறு படி முழுகியுள்ளது. 10.00, ஆறு படி. 11.00, ஏழு படி." அந்த ஏழு படியை எழுதும்போது என் கை சரியாக இல்லை, எழுத்தைப் பார்த்தால் தெரியும். "12.00, ஏழு. 1.00, ஏழு. 2.00, ஆறரை. மழை விட்டிருக்கிறது."

சாயங்காலம் அம்பத்தூரில் இருக்கும் அவருடைய மகள் நம் வீட்டுக்கு வந்துவிட்டாள். அப்பா பேசுவதைக் கேட்க வேண்டும் என்றாள். இங்கே கேட்பது சிரமம் அம்மா, கொடைக்கானல் வழியாகத்தான் என்று சொன்னேன். பரவாயில்லை என்று ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நம் வாட்ச்மேனிடம் ஒரு மணி நேரம் மட்டும் பார்க்கிங் விளக்கை அணைக்கச் சொன்னேன். அன்றைக்கு இருட்டில் காரை நிறுத்த முடியவில்லை என்று குரூப்பில் கோபமாக எழுதியவர் என்னை மன்னிக்க வேண்டும். ஏழு மணிக்கு, இரைச்சலுக்கு அடியில், ரொம்ப ஆழத்தில் குரல் வந்தது. வார்த்தை புரியவில்லை. ஆனால் அவள் "அப்பாதான்" என்றாள். என்ன சொல்லட்டும் அம்மா என்று கேட்டேன். "பிரஷர் மாத்திரை போட்டாச்சான்னு கேளுங்க மாமா" என்றாள். கேட்டேன். கொடைக்கானல் வழியாகப் பதில் வந்தது. "போட்டாச்சு. மழை எவ்வளவுன்னு ஒருத்தரும் கேக்கலையே ஓ.எம்.? இருபதோட நம்ம குடுவை கைவிட்டுட்டு. அதுக்கு மேலே பெய்ஞ்சதுக்குக் கணக்கு இல்ல." அந்தப் பெண் அப்போதுதான் அழுதாள்.

மறுநாள் மத்தியானம் மீனவர்கள் படகு வந்தது. எட்டாம் மாதப் பெண்ணையும் அந்தப் பெரியவரையும் முதலில் கூட்டிப் போனார்கள். நாங்கள் போன் செய்ததால் வந்த படகா, தானாக வந்த படகா என்று எங்களுக்குத் தெரியாது. அண்ணாச்சிக்கும் தெரியாது. வாழை முழுக்கப் போய்விட்டது. இரண்டு வாரம் கழித்துக் கோவைக்காரர் அவருக்கு ஒரு பேட்டரி அனுப்பினார். நான் புதுக் குடுவை அனுப்பினேன், நூறு சென்டிமீட்டருக்குக் கோடு போட்டது. போன வாரம் அதில் பூஜ்யம்.

இப்போது என் கோரிக்கை. மாசியில் பி பிளாக் மாடியில் வாட்டர்ப்ரூஃபிங் வேலை ஆரம்பிக்கிறது. கான்ட்ராக்டர் மேலே ஒரு பொருளும் இருக்கக்கூடாது என்கிறார், சரிதான். வேலை முடியும் வரை வயரை நானே கழற்றி வைத்துவிடுகிறேன். முடிந்த பிறகு திரும்பக் கட்ட அனுமதி வேண்டும். தரையில் ஓட்டை போட மாட்டேன், கம்பத்தில் கயிறு மட்டும்தான். யார் தலையிலும் படாத உயரத்தில் கட்டுகிறேன், துணி காயப் போட முடியாத உயரத்தில். அடுத்த கூட்டத்தில் ஓட்டுக்கு வருகிறது. வேண்டாம் என்று நினைப்பவர்கள் அதற்கு முன்னால் ஒரு நாள் காலையில் வந்து கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை ஆறரை மணி, பி 404. பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள், பன்னிரண்டு வயது ஆனவர்களுக்குப் பரீட்சைப் பாடத்தை நானே சொல்லித் தருகிறேன். முதலில் வரும் ஆறு பேருக்குக் காபி உண்டு, வீட்டில் டம்ளர் அவ்வளவுதான் இருக்கிறது. அண்ணாச்சியிடம் நம் அபார்ட்மென்ட்காரர்கள் வருவார்கள் என்று சொல்லிவிட்டேன். உங்களுக்காக மழையளவு படிப்பார். பெரும்பாலும் பூஜ்யமாகத்தான் இருக்கும்.

செக்ரட்டரி ஓ.எம்., கோலப் போட்டி முடிவு உங்கள் கையில். ஓவர்.